வீட்டில் கார் இருந்தும் எக்ஸ்பிரஸ் பேருந்து ஏன்?

நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டுக்கும் மன்ஹாட்டனுக்கும் இடையே ஓடும் எக்ஸ்பிரஸ் பேருந்துகளைப் பற்றி நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். சாதாரணப் பேருந்தைக் காட்டிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கட்டணம் கொடுத்து இவற்றில் போகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டு வாசலில் கார் நிற்கும்போது, அவர்கள் ஏன் பேருந்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது முதல் கேள்வி. கார் வைத்திருப்பவர்களின் வசதிக்காகப் பொதுப்பணத்தில் மானியம் கொடுப்பது நியாயமா என்பது இரண்டாவது.

அவருடைய அனுமானம் பெரும்பாலும் சரியானது. நியூயார்க் நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பாதிக்கும் குறைவான குடும்பங்களிடமே கார் இருக்கிறது. மன்ஹாட்டனில் அது நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஸ்டேட்டன் ஐலண்டிலோ ஐந்தில் நான்கு குடும்பங்களுக்கு மேல் கார் வைத்திருக்கின்றன. ஆகவே அங்கிருந்து புறப்படும் எக்ஸ்பிரஸ் பேருந்தில் உட்கார்ந்திருப்பவரின் வீட்டில் கார் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பெரும்பாலும் தவறாகாது. ஆனால் "வீட்டில் கார் இருக்கிறது" என்பதற்கும் "இன்று காலை இந்தப் பயணத்துக்கு அவரால் காரை எடுக்க முடியும்" என்பதற்கும் இடையே மூன்று நான்கு படிகள் உள்ளன. நண்பரின் இரண்டாவது கேள்வி அந்தப் படிகளை ஒரே தாவலில் கடந்துவிடுகிறது.

எக்ஸ்பிரஸ் பேருந்து என்றதும் நமக்கு மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ இரவில் கிளம்பும் விரைவுப் பேருந்துதான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. குடியிருப்புப் பகுதிக்குள் பத்துப் பதினைந்து நிறுத்தங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையில் எங்கும் நிற்காமல் ஓடி, நகர மையத்தில் மீண்டும் சில நிறுத்தங்களில் இறக்கிவிடும் அலுவலகப் பேருந்து என்று சொல்லலாம். உயரமான தளமும் மெத்தை இருக்கைகளும் கொண்ட வண்டி. எல்லா இருக்கைகளும் முன்னோக்கியே இருக்கும். 2023 ஆகஸ்டில் இதன் கட்டணம் 6.75 டாலரிலிருந்து 7 டாலராக உயர்ந்தபோது, சாதாரணப் பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் 2.90 டாலர் வாங்கினார்கள். பிறகு இரண்டு கட்டணங்களும் இன்னும் சற்று ஏறிவிட்டன. கீழே நான் போடும் கணக்கு 2025-ஆம் ஆண்டுக்கானது.

இந்தச் சேவை இவ்வளவு முக்கியமாவதற்கு ஸ்டேட்டன் ஐலண்டின் நில அமைப்பே காரணம். ஏறத்தாழ 5 லட்சம் பேர் வாழும் அந்தத் தீவு, நகரின் ஐந்து பகுதிகளில் சுரங்க ரயில் இணைப்பு இல்லாத ஒரே பகுதி. தீவுக்குள் செயின்ட் ஜார்ஜிலிருந்து டாட்டன்வில் வரை ஒரு ரயில் பாதை உண்டு. செயின்ட் ஜார்ஜிலிருந்து மன்ஹாட்டனின் தென்முனைக்கு 25 நிமிடத்தில் போய்ச் சேரும் படகும் உண்டு, 1997 முதல் அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் தீவின் நடுவிலோ தெற்கிலோ வசிப்பவர் பேருந்து, ரயில், படகு, மீண்டும் சுரங்க ரயில் என்று மாறி மாறிப் போக வேண்டும். 1964-இல் தீவைப் புரூக்ளினோடு இணைக்கும் வெர்ராசானோ-நாரோஸ் பாலம் திறக்கப்பட்ட பிறகு இந்தத் தீவு காரை நம்பியே வளர்ந்தது: தனி வீடுகள், வாசலில் வண்டி நிறுத்தும் இடம், நடந்து போக முடியாத தொலைவில் கடைகள். அப்படி வளர்ந்த ஊரிலிருந்து, காருக்கு இடமே இல்லாத மன்ஹாட்டனுக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் போய் வர வேண்டியிருக்கிறது. 2018 ஆகஸ்டில் தீவின் எக்ஸ்பிரஸ் தடங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் மாற்றியமைக்கப்பட்டு 'சிம்' என்று தொடங்கும் புதிய எண்களைப் பெற்றன. சில தடங்கள் புரூக்ளின் வழியாகக் கோவானஸ் விரைவுச்சாலையில் பேருந்துகளுக்கும் பலர் சேர்ந்து வரும் கார்களுக்குமான தனித்தடத்தில் போகின்றன. வேறு சில நியூ ஜெர்சி சுற்றி லிங்கன் சுரங்கப்பாதை வழியாக நுழைகின்றன.

இனி அந்தப் படிகளைப் பார்க்கலாம். கணக்கெடுப்பில் வரும் எண் குடும்பத்துக்கு எத்தனை கார் என்பது. வேலைக்குப் போகிறவரோ தனி மனிதர். ஒரே கார் உள்ள வீட்டில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால், ஒருவர் காரை எடுத்த நிமிடமே மற்றவர் கார் இல்லாதவர். மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவருக்குக் கார் போனால், காலையில் அலுவலகம் போகிறவருக்குப் பேருந்துதான். இதை முதலில் ஒழுங்காகக் கணக்கில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 1972-இல் பார்ட் ரயில் தொடங்குவதற்கு முன்பே அங்குள்ள வேலைப் பயணிகளின் பழக்கங்களைத் திரட்டி, எத்தனை பேர் ரயிலுக்கு மாறுவார்கள் என்று அவர் மதிப்பிட்டார். அவர் பயன்படுத்திய மாறிகளில் ஒன்று, வீட்டிலுள்ள கார்களை ஓட்டத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்த எண். அது ஒன்றைத் தாண்டினாலும் ஒன்று என்றே வைத்துக்கொண்டார். காரணம் எளியது: ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கார்களை ஓட்டிக்கொண்டு போக முடியாது. இன்னொரு நுணுக்கமும் அதில் உண்டு. பேருந்துக்கு நடந்து போவதையும், நிறுத்தம் வரை காரில் போய்ப் பேருந்து ஏறுவதையும் அவர் இரு வேறு தெரிவுகளாகப் பிரித்தார். வேலைப் பயணிகளில் 15 விழுக்காட்டினர் ரயிலில் போவார்கள் என்றது அதிகாரப்பூர்வக் கணிப்பு. அவருடைய கணிப்பு 6.3 என்றது, உண்மையில் வந்தது 6.2. கார் வசதியைச் சரியாக வரையறுத்ததால் மட்டுமே அந்தத் துல்லியம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு முன்பே தெளிவாகிவிட்ட ஒரு வேறுபாட்டை இன்றும் நாம் 'குடும்பத்தில் கார் உண்டா, இல்லையா' என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் அடைத்துவிடுகிறோம்.

அடுத்தது பயணத்தின் மறுமுனை. அதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தீவுவாசிக்கு வெர்ராசானோ பாலத்தில் சலுகை போக ஒரு தடவைக்குச் சுங்கம் 2.75 டாலர், போக வர 5.50. அங்கிருந்து மன்ஹாட்டனுக்குப் போகும் புரூக்ளின் பாலத்துக்குச் சுங்கம் இல்லை. 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே பகல் நேரத்தில் நுழையும் காருக்கு நெரிசல் கட்டணம் 9 டாலர். ஆக மொத்தம் 14.50. எக்ஸ்பிரஸ் பேருந்தில் போக வர 14 டாலர். இவ்வளவு நெருக்கமாக இருக்கிறதே என்று வியப்பாக இருக்கலாம். பெட்ரோலைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது. கணக்கைக் கவிழ்ப்பது காரை நிறுத்தும் இடம். மன்ஹாட்டன் மையத்தில் புதிய கட்டடங்களுக்கு இத்தனை வண்டிகளுக்கு மேல் இடம் கட்டக்கூடாது என்ற உச்சவரம்பு 1982 முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்ற அமெரிக்க ஊர்களில் குறைந்தது இவ்வளவு கட்டியே தீர வேண்டும் என்று சட்டம் வற்புறுத்திக்கொண்டிருந்த காலத்தில் இங்கே அதற்கு நேர் எதிரான விதி. அதனால் ஒரு நாள் முழுவதும் காரை நிறுத்துவதற்குக் கொடுக்கும் தொகை, மேலே சொன்ன எல்லாக் கட்டணங்களையும் விழுங்கிவிடும்.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். காரை நிறுத்தக் காசு கொடுக்க வேண்டாதவர்கள் என்ன செய்கிறார்கள்? நியூயார்க்கில் காவலர், ஆசிரியர், பிற அரசுப் பணியாளர் எனப் பலருக்குக் கண்ணாடியில் வைக்கும் நிறுத்த அனுமதி அட்டை ஒரு லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டிருக்கிறது. அந்த அட்டை கையில் இருப்பவர் அதே தீவில், அதே தெருவில், அதே மாதிரிக் காரை வைத்துக்கொண்டு வாழ்பவராக இருக்கலாம். அவர் ஓட்டிக்கொண்டு போவார், பக்கத்து வீட்டுக்காரர் பேருந்தில் போவார். இருவருக்கும் கார் இருக்கிறது என்று எழுதிவைத்தால் எதுவும் விளங்காது. நெரிசல் கட்டணத்தை எதிர்த்து 2024 ஜனவரியில் வழக்குப் போட்டவர்களில் ஸ்டேட்டன் ஐலண்டின் தலைவர் வீட்டோ ஃபொசெல்லாவும் நகர ஆசிரியர் சங்கமும் இருந்ததை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அதில் பெரிய புதிர் ஏதும் இல்லை.

வரிச் சட்டமும் சேர்ந்து தள்ளுகிறது. அமெரிக்காவில் வேலைக்குப் போய்வரும் செலவை ஒரு மாத வரம்பு வரை வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து கொடுக்கலாம். 2014-இல் இந்த வரம்பு காரை நிறுத்துவதற்கு 250 டாலர், பொதுப் போக்குவரத்துக்கு வெறும் 130 டாலர். 2015 இறுதியில் இயற்றிய சட்டம்தான் இரண்டையும் நிரந்தரமாகச் சமமாக்கியது. 2025-இல் இரண்டுக்கும் 325 டாலர். மாதம் 21 நாள் போக வர எக்ஸ்பிரஸ் பேருந்தில் போனால் 294 டாலர், வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. பழைய வரம்பு நீடித்திருந்தால் அதில் பாதிக்குக்கூடச் சலுகை கிடைத்திருக்காது.

இந்தப் பேருந்துப் பயணிக்கும் அவருடைய காருக்கும் உள்ள உறவு வெறும் போட்டி உறவு என்று நினைப்பதும் பிழை. தீவிலுள்ள எல்டிங்வில்லில் பேருந்து நிலையத்தையொட்டிக் காரை விட்டுவிட்டு ஏறிப் போவதற்கென்றே ஒரு நிறுத்துமிடம் இருக்கிறது. பலர் வீட்டிலிருந்து நிறுத்தம் வரை காரில் வருகிறார்கள், அல்லது வீட்டில் யாராவது கொண்டுவந்து விட்டுப் போகிறார்கள். அந்தக் கார் இல்லாவிட்டால் இந்தப் பேருந்தும் அவர்களுக்கு எட்டாது. வாஷிங்டனின் தெற்குப் புறநகர்களில் இது இன்னும் விரிந்து ஒரு தனி வழக்கமாகவே மாறியது. வடக்கு வர்ஜீனியாவின் ஷெர்லி நெடுஞ்சாலையில் 1969-இல் பேருந்துகளுக்கென்று தனித்தடம் திறந்தார்கள். 1973-இல் நான்கு பேர் சேர்ந்து வரும் கார்களையும் அதில் விட்டார்கள். அதன் பிறகு, காரை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு வரிசையில் நிற்பதும், தனித்தடத்தில் போக ஆள் தேவைப்படும் முன்பின் தெரியாத ஓட்டுநர் வந்து காசு வாங்காமல் ஏற்றிச் செல்வதும் அங்கே நாள்தோறும் நடக்கும் வழக்கமாயிற்று. இப்படிப் போகிறவர்களை அவ்வூரில் 'ஸ்லக்' என்பார்கள். நத்தைக்கு உறவான, ஓடில்லாத ஓர் உயிரினத்தின் பெயர்தான் அது என்றாலும், பேருந்துப் பெட்டியில் போடும் போலி நாணயத்துக்கும் அதே பெயர் உண்டு. பேருந்து ஓட்டுநர்கள் போலி நாணயத்தைப் பிடிப்பதுபோலப் போலிப் பயணிகளைப் பிடிக்கிறார்கள் என்ற கேலியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மாலையில் கார் எதுவும் வராவிட்டால் இவர்கள் ஏறுவது எக்ஸ்பிரஸ் பேருந்தில்தான். சொந்தக் கார் உண்டு, ஆனால் காலையில் அடுத்தவர் காரில், மாலையில் ஒருவேளை பேருந்தில்: இவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கட்டம் என்றதும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆண்டு ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பலரும் எண்களை அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களின் பயன்பாட்டுக்கு எத்தனை வாகனங்கள் உள்ளன என்று அது கேட்கிறது. வேலைக்கு வழக்கமாக எப்படிப் போகிறீர்கள் என்றும் கேட்கிறது. பல வாகனங்களில் மாறிப் போனால் அதிக தூரம் போனதை மட்டும் குறிக்கச் சொல்கிறது. 'பேருந்து' என்று ஒரே விடைதான் உண்டு. எக்ஸ்பிரஸ், சாதாரணம் என்ற பிரிவு இல்லை. எல்டிங்வில்லில் காரை விட்டு ஏறுபவரும், கார் என்பதையே வாழ்க்கையில் ஓட்டிப் பார்க்காமல் சாதாரணப் பேருந்தில் போகும் மூதாட்டியும் ஒரே விடையில் சேர்ந்துவிடுகிறார்கள். எனவே அந்த ஆய்விலிருந்து 'எக்ஸ்பிரஸ் பயணிகளில் இத்தனை விழுக்காட்டினருக்குக் கார் உண்டு' என்று யாராவது எண் கொடுத்தால் அது ஊகம். வண்டிக்குள்ளேயே கேட்டு எடுத்த ஆய்வில்தான் அந்த எண் கிடைக்கும்.

போக்குவரத்துத் துறையினர் இந்த இரு வகையினரை 'சாய்ஸ் ரைடர்', 'கேப்டிவ் ரைடர்' என்று பிரிப்பார்கள். விரும்பி ஏறுபவர், வேறு வழியின்றி ஏறுபவர் என்று பொருள். எனக்கு இந்தப் பிரிவு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கார் இல்லாதவருக்கு வேறு வழியே இல்லை, எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் அவர் வந்துதான் தீருவார் என்ற அலட்சியத்துக்கு அது இடம் கொடுக்கிறது. இருந்தாலும் ஒரு விஷயத்தில் அந்தப் பிரிவு உண்மையைச் சொல்கிறது: கார் உள்ளவர் பேருந்தின் வேகத்தைத் துல்லியமாக எடைபோடுகிறார்.

லாஸ் ஏஞ்சலிஸின் எல் மான்டி பேருந்துத்தடம் இதற்கு நல்ல சான்று. சான் பெர்னார்டினோ நெடுஞ்சாலையை ஒட்டி 11 மைல் நீளத்துக்கு 1973 ஜனவரியில் அது திறக்கப்பட்டபோது பேருந்துகளுக்கு மட்டுமே அனுமதி. 1976 முதல் மூன்று பேர் சேர்ந்து வரும் கார்களையும் விட்டார்கள். அப்படியே கால் நூற்றாண்டு நன்றாக ஓடியது. தடம் காலியாகக் கிடப்பதுபோலத் தோன்றுகிறதே என்று மாநிலச் சட்டமன்றம் 2000 ஜனவரியிலிருந்து இரண்டு பேர் உள்ள கார்களுக்கும் அதைத் திறந்துவிட்டது. காலை நெரிசல் நேரத்தில் மணிக்கு 65 மைல் ஓடிய தடம் 20 மைலுக்கு இறங்கியது. பக்கத்திலிருந்த பொதுத்தடங்களிலும் எந்த நன்மையும் விளையவில்லை. தற்காலிகச் சோதனையாகத் திட்டமிட்டதை ஏழாவது மாதமே அவசரச் சட்டம் போட்டு, நெரிசல் நேரத்தில் மீண்டும் மூன்று பேர் என்று மாற்ற வேண்டியதாயிற்று. காலியாகத் தெரியும் பேருந்துத்தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்கு: வீட்டில் காரை விட்டுவிட்டு வந்தவர்களின் நம்பிக்கை. மன்ஹாட்டனுக்கு வரும் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் 1970 முதல் காலை வேளையில் எதிர்த்திசைத் தடம் ஒன்றைப் பேருந்துகளுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். இரண்டரை மைலே உள்ள அந்தத் தடத்தில் பெருந்தொற்றுக்கு முன் ஒவ்வொரு நாள் காலையும் 1,800-க்கும் மேற்பட்ட பேருந்துகள் ஓடின.

இனி மானியத்துக்கு வருவோம். எக்ஸ்பிரஸ் பேருந்து ஓட்டச் செலவு அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு முறை நிரம்பிப் போகும் வண்டி காலியாகத் திரும்புகிறது, அல்லது பகல் முழுவதும் எங்கோ நிற்கிறது. மாலையில் மறுபடியும் ஒரு முறை. ஓட்டுநருக்கு நடுவில் பல மணி நேர இடைவெளியுடன் பிளவுபட்ட பணி. வழியில் இறங்கி ஏறுபவர் இல்லாததால் ஒரு இருக்கையில் ஒரு பயணத்துக்கு ஒரே ஆள்தான். மூன்று மடங்கு தூரம் போகும் பேருந்தில் இரண்டரை மடங்கு கட்டணம் வாங்கினாலும் இந்தச் செலவு ஈடாகாது. ஆகவே தலைக்கு இவ்வளவு மானியம் என்று கணக்குப் போட்டால், கார் வைத்திருப்பவருக்கு அதிகமும் கார் இல்லாதவருக்குக் குறைவும் போவதாகத் தெரியும். நண்பரின் ஆட்சேபம் அந்த இடத்திலிருந்து பிறக்கிறது.

அதற்கு என் பதில் இரண்டு பகுதிகளாக இருக்கிறது; இரண்டும் ஒரே பக்கம் சாயவில்லை. மானியத்தின் ஒரு பங்கு பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் போகவில்லை. அவர் ஓட்டிவராத கார் விட்டுவைத்த சாலைக்கும், அந்தச் சாலையில் ஓட்டியே ஆக வேண்டிய தச்சருக்கும் குழாய் வேலை செய்பவருக்கும் போகிறது. கார் இல்லாதவரைப் பேருந்தில் ஏற்றினால் இந்தப் பலன் கிடைக்காது, கார் உள்ளவரை ஏற்றினால்தான் கிடைக்கும். எனவே 'அவரிடம்தான் கார் இருக்கிறதே' என்பது மானியத்துக்கு எதிரான வாதம்போலத் தோன்றினாலும் உண்மையில் அதற்கு ஆதரவான வாதம்.

மறுபகுதியில் நண்பரின் பக்கமே நிற்கிறேன். ஐந்தில் நான்கு குடும்பங்களுக்குக் கார் உண்டு என்ற சராசரியின் நிழலில் ஐந்தாவது குடும்பம் மறைந்துவிடுகிறது. மன்ஹாட்டன் வீடுகளில் முதியோரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும், அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகிறவரும் இதே தீவில்தான் வசிக்கிறார்கள். அவர்களுக்கு 7 டாலர் எட்டாத கட்டணம் என்பதால் பேருந்து, படகு, சுரங்க ரயில் என்று மாறிப் போய், ஒரு வழிக்கே கூடுதலாக அரை மணியோ முக்கால் மணியோ கொடுக்கிறார்கள். நகரம் ஏழைப் பயணிகளுக்கு 2019-இல் தொடங்கிய அரைக் கட்டணத் திட்டத்தில் எக்ஸ்பிரஸ் பேருந்தைச் சேர்க்கவில்லை. முதியோருக்கான அரைக் கட்டணமும் 2025-இல் நெரிசல் நேரத்தில் இதில் செல்லவில்லை. கார் இல்லாதவர்கள் எக்ஸ்பிரஸ் பேருந்தில் குறைவாக இருப்பதற்கு அவர்களுக்குத் தேவை இல்லாதது காரணமல்ல. கட்டணம் வாசலிலேயே சல்லடை போடுகிறது. சல்லடைக்கு மேலே தங்கியவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு 'இது கார் வைத்திருப்பவர்களின் பேருந்து' என்று தீர்ப்பு எழுதுவது வட்டத்தில் சுற்றும் வாதம். என்னைக் கேட்டால், மொத்த மானியத்தைக் குறைப்பதைவிட, அந்த அரைக் கட்டணத் திட்டத்தை இங்கேயும் நீட்டித்திருப்பதே முதலில் செய்ய வேண்டிய திருத்தமாக இருந்திருக்கும்.

பெருந்தொற்றுக்குப் பின் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கார் வைத்திருக்கும் அலுவலகப் பயணிதான் வீட்டிலிருந்தே வேலை செய்யக்கூடியவரும். வாரத்துக்கு ஐந்து நாள் வந்தவர் இப்போது மூன்று நாள் வருகிறார். முன்பு மாதக் கணக்குப் பார்த்தவர் இப்போது நாள் கணக்குப் பார்க்கிறார். வாரத்துக்கு மூன்று நாள்தானே என்று காரை எடுத்துவிடும் சபலம் அவருக்கு உண்டு. நெரிசல் கட்டணம் அந்தச் சபலத்துக்கு எதிராக 9 டாலர் வைத்திருக்கிறது. முதலில் 15 டாலராக இருந்து, 2024 ஜூனில் ஆளுநர் நிறுத்திவைத்து, பிறகு குறைத்துக் கொண்டுவந்த தொகை அது.

இந்தப் பேருந்துகளில் யாராவது மறுபடியும் ஆய்வுத்தாள் கொடுக்கப் போகிறார்கள் என்றால், 'உங்கள் வீட்டில் கார் உண்டா' என்ற கேள்வியை வைத்துக்கொள்ளட்டும். அதோடு நான்கு கேள்விகளைச் சேர்க்கட்டும். இன்று காலை அந்தக் காரை நீங்கள் எடுத்திருக்க முடியுமா? எடுத்திருந்தால் அதை நிறுத்த யார் காசு கொடுத்திருப்பார்கள்? பேருந்து நிறுத்தத்துக்கு எப்படி வந்தீர்கள்? நாளை இந்தப் பேருந்து இல்லாமல் போனால் எப்படிப் போவீர்கள்? கடைசிக் கேள்விக்கு 'காரில்' என்று எழுதுகிறவரையும் 'இந்த வேலையையே விட்டுவிடுவேன்' என்று எழுதுகிறவரையும் தனித்தனியாக எண்ணினால், நண்பர் கேட்ட இரண்டாவது கேள்விக்குச் சண்டையில்லாமல் விடை காண ஒரு தொடக்கம் கிடைக்கும்.